தட்டில் வைத்துக் கொடுத்த மனு

எனக்குப் பத்தொன்பது வயதாகும்போது சென்னை உயர் நீதிமன்றத்தில் என் பெயரில் ஒரு வழக்கு நடந்தது. நான் மனுதாரர். எதிர்மனுதாரர்கள் மூன்று பேர்: நான் படித்துக்கொண்டிருந்த கல்லூரி, நான் போய்ச் சேர விரும்பிய கல்லூரி, இரண்டுக்கும் மேலே உட்கார்ந்திருந்த பல்கலைக்கழகம். கோழி திருடியவனுக்கு எதிராகக்கூட இத்தனை பேர் நின்றிருக்க மாட்டார்கள். நான் கேட்டதோ ஒன்றே ஒன்றுதான். ஒரு தனியார் பிசியோதெரபி கல்லூரியிலிருந்து இன்னொரு தனியார் பிசியோதெரபி கல்லூரிக்கு என்னை மாற்றிவிடுங்கள் என்று கேட்டேன்.

காரணம் அம்மா. அம்மா இப்போது இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை ஒளித்துவைத்து அடுத்தவர்களை அழவைக்கிற வேலை எனக்குப் பிடிக்காது.

எங்கள் ஊர் உத்திரமேரூரை அடுத்த பெருநகர் என்ற கிராமத்துக்குப் பக்கத்தில். அப்பாவுக்கு நாலு ஏக்கர் நெல். நான் ஒரே பெண். எனக்குச் சீட்டு கிடைத்தது சேலத்தையும் தாண்டி. முதல் வருஷம் விடுதியில் கழிந்தது. பரீட்சை முடிந்து நான் லீவுக்கு வந்த மாதத்தில் அம்மாவுக்கு முகம் வீங்கியது, கால் வீங்கியது. இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டது என்றார்கள். அதன்பிறகு செவ்வாயும் வெள்ளியும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். மிஷினில் நாலு மணி நேரம். போக ஒன்றுக்கு இரண்டு பஸ், வர இரண்டு பஸ். போகும்போது அம்மா நடந்து போவாள். வரும்போது யாராவது தாங்கிப் பிடித்தால்தான் பஸ் படி ஏறுவாள். அப்பா வாரத்தில் இரண்டு நாள் நிலத்தை விட்டுவிட்டுக் கூடப் போனார். மடை திறக்க ஆளில்லாமல் ஒரு போகம் பாழானது.

அந்தச் சமயத்தில்தான் செங்கல்பட்டு பக்கம் இருக்கிற ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் ஒரு இடம் காலியானது. யாரோ ஒரு பெண் கல்யாணமாகி வெளிநாடு போய்விட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து அந்தக் கல்லூரிக்கு இரண்டு ஸ்டாப்தான். போய்க் கேட்டோம். 'எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள். என் கல்லூரியும் அதே மாதிரி ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். அதுவும் இரண்டாம் ஆண்டு வகுப்பு தொடங்கி இரண்டு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கப்புறம் யாரும் எங்கேயும் மாற முடியாது. இவ்வளவுதான் சட்டம். ஒரு கடிதம் வந்தால் நான் அம்மாவோடு இருப்பேன், வராவிட்டால் இருக்க மாட்டேன்.

ஒரு மாணவி நடுவில் போனால் அந்த இடம் மீதி வருஷங்களுக்கும் காலியாகவே கிடக்கும், கட்டணம் போச்சு. அதனால் தனியார் கல்லூரிகள் சுலபத்தில் விடாது என்று எல்லோரும் சொன்னார்கள். அதனால் ஒரு வக்கீலைப் பார்த்தோம். உத்திரமேரூரில் அப்பா உரம் வாங்கும் கடைக்காரரின் மருமகள் அவர். சென்னையில் தொழில். அவர் போனிலேயே தெளிவாகச் சொன்னார்.

"ஐயா, மொதல்ல காலேஜுக்கு ஒரு மனு எழுதுங்க. ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க. வாங்கிக்கிட்டாங்கன்னு கையெழுத்துப் போட்டு ஒரு அட்டை திரும்பி வரும். அந்த அட்டையைப் பத்திரமா வைங்க. நாளைக்குக் கோர்ட்டுல அதுதான் பேசும்."

அப்பா போனை வைத்தவுடன் என்னைப் பார்த்தார்.

"தபால்ல போட்டா அந்த மனுஷன் இன்னா நெனப்பாரு?"

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால், வர வேண்டாம் என்று அர்த்தம். அப்பா தன் வாழ்நாளில் ஒரே ஒரு பத்திரிகையைத்தான் தபாலில் அனுப்பியிருக்கிறார், வரப்புத் தகராறு செய்த பங்காளிக்கு. மற்ற எல்லோருக்கும் நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, அதன்மேல் பத்திரிகையை வைத்து நீட்டினால்தான் மரியாதை. காரியம் ஆக வேண்டிய இடத்துக்குத் தபால் அனுப்புவது என்பது அவர் கணக்கில் காரியத்தைக் கெடுத்துக்கொள்வது.

அடுத்த வாரமே கிளம்பிவிட்டோம். அப்பா வீட்டிலிருந்து சில்வர் தட்டு எடுத்துக்கொண்டார். கல்லூரிக்கு எதிரே இருந்த கடையில் வெற்றிலையும் வாழைப்பழமும் சாத்துக்குடியும் வாங்கினார். பிரின்சிபால் அறை வாசலில் நின்றுகொண்டு தட்டை அடுக்கினார். எனக்கு மானம் போயிற்று. என்னோடு படிக்கிற பெண்கள் அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, "உனக்குக் கல்யாணமாடி?" என்று கேட்டாள்.

பிரின்சிபால் எழுந்து நின்று இரண்டு கையாலும் தட்டை வாங்கினார்.

"எதுக்குங்க இதெல்லாம்?" என்றார். மனுவை எடுத்து வாசித்தார். அம்மாவைப் பற்றிக் கேட்டார். உச்சுக் கொட்டினார். டீ வரவழைத்தார். "மேனேஜ்மென்ட்ல பேசிட்டு சொல்றேனுங்க. புள்ளைக்கு நல்லதுதானே நடக்கும்?" என்றார். மனுவை மேசை இழுப்பறையில் வைத்தார். பிறகு தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, வெறும் தட்டாகக் கொடுக்கக் கூடாது என்று தன் மேசைமேல் இருந்த ஒரு ஆப்பிளை அதில் வைத்துக் கொடுத்தார்.

அந்த ஆப்பிள்தான் எங்களை முடித்தது. ஊர் திரும்பும் வரை அப்பா அதையே பேசினார்.

"பாத்தியா? வெறுந்தட்டக் குடுக்கல பாரு. மொறை தெரிஞ்ச மனுஷன். இவரு போயி நம்பள அலைய வுடுவாரா?"

நகல் ஒன்றில் சீல் வாங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பத்திரிகை வைக்கப் போன வீட்டில் 'வாங்கிக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடு என்று யாராவது கேட்பார்களா? எனக்கும் கேட்க நாக்கு எழவில்லை. செல்போன் என் கையில்தான் இருந்தது. தட்டை நீட்டும்போது ஒரு போட்டோ எடுத்திருந்தால்கூடப் போதும். எடுக்கலாமா என்று நினைத்து, அவர் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று விட்டுவிட்டேன். ஆகவே எல்லாப் பழியையும் அப்பா தலையில் போட எனக்கு யோக்கியதை இல்லை.

வகுப்பு தொடங்கியும் நான் போகாமல் வீட்டிலேயே இருந்தேன். மூன்று வாரம் ஆனது. பதில் இல்லை. போன் செய்தால் சார் மீட்டிங்கில் இருந்தார். வக்கீலம்மா அட்டை எங்கே என்று கேட்டார். நேரில் கொடுத்துவிட்டோம் என்றார் அப்பா.

"சரிங்க ஐயா. போனது போகட்டும். இன்னைக்கே இன்னொரு மனு எழுதித் தபால்ல போடுங்க."

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "குடுத்தத இன்னொரு வாட்டி குடுத்தா, மொதல்ல குடுத்தது பொய்யின்னு ஆயிடும்மா. பத்திரிக்க வெச்ச வூட்டுக்கே மறுபடியும் எவனாச்சும் பத்திரிக்க அனுப்புவானா?" என்று என்னிடம் சண்டைக்கு நின்றார். உத்திரமேரூர் தபால் ஆபீசுக்குப் போக எனக்கு அரை மணி நேரம் ஆகியிருக்கும். நான் போகவில்லை. அவரை மீறக் கூடாது என்று நினைத்தேனோ, ஆப்பிளை நம்பினேனோ, இன்றைக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வக்கீலம்மா, நாள் குறைவாக இருக்கிறது என்று, நேரில் கொடுத்ததாகவே எழுதி வழக்கைப் போட்டார்.

உயர் நீதிமன்றத்தில் இந்த மாதிரி வழக்குக்கு நாங்கள் போகவே வேண்டியதில்லை. வக்கீல் நின்றால் போதும். அதையும் அவர் சொன்னார். "நீங்க வர வேணாம் ஐயா, வீட்டம்மாவைப் பாருங்க." அப்பா கேட்பாரா?

"நம்ப கேஸு நடக்கறப்போ நம்ப ஆளு யாருமே இல்லன்னா ஜட்ஜு இன்னா நெனப்பாரு? இவங்களுக்கே அக்கறை இல்லன்னுதான் நெனப்பாரு."

விசாரணை வந்ததெல்லாம் செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் சாயங்காலம் செல்போனில் பட்டியல் வரும். அதில் எங்கள் எண்ணைத் தேடுவேன். விடிந்ததும் அம்மாவைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, நானும் அப்பாவும் செங்கல்பட்டு வரை அவர்களோடு சேர்ந்தே பஸ்ஸில் போவோம். அங்கே அவர்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் நடப்பார்கள், நாங்கள் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நடப்போம். அம்மாவோடு இருப்பதற்காகப் போட்ட வழக்கு, அம்மாவைச் செங்கல்பட்டில் விட்டுவிட்டு எங்களைச் சென்னைக்கு இழுத்துக்கொண்டு போனது. இது அப்போது எங்கள் இரண்டு பேர் புத்தியிலும் உறைக்கவில்லை.

முதல் செவ்வாயன்று கல்லூரியின் வக்கீல் அவகாசம் கேட்டார், கிடைத்தது. மொத்தம் ஒரு நிமிஷம். இரண்டாவது செவ்வாயன்று எங்கள் எண் வருவதற்குள் நீதிபதி எழுந்துவிட்டார். அப்பா ஒவ்வொரு தடவையும் கோர்ட் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார். நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து பார்த்தால் செருப்பு பத்திரமாக இருக்கும், கேஸ் தள்ளிப்போயிருக்கும்.

அந்த இரண்டாவது நாள்தான் கல்லூரியின் பதில் மனு நகல் எங்கள் கைக்கு வந்தது. திரும்பி வரும் ரயிலில் அதைப் படித்தேன். இங்கிலீஷில் இருந்தது. தாம்பரம் தாண்டியபோது அப்பா கேட்டார்.

"இன்னாம்மா போட்டுக்கீறாங்க?"

எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். யோசித்து ஒன்றும் ஆகவில்லை.

"நாம மனுவே குடுக்கலயாம், நைனா. அந்த மாதிரி யாரும் அவங்கள வந்து பாக்கவே இல்லயாம். பிரின்சிபால் கையெழுத்துப் போட்டுக்கீறாரு."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிங்கப்பெருமாள்கோவில் வந்தபோது மெதுவாகக் கேட்டார்.

"வரவே இல்லன்னா, நாம அன்னிக்கு எங்கம்மா போயிக்கினு வந்தோம்?"

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. அந்த ஆள்மேல் மட்டும் இல்லை. உலகத்தில் எல்லோரும் தன்னைப் போல என்று ஐம்பத்தைந்து வயது வரை நம்பிக்கொண்டிருந்த இந்த மனிதர்மேலும் வந்தது. நம்பினோர் கெடுவதில்லை என்பார்கள். நம்பியதற்கு அத்தாட்சி வாங்கி வைக்காதவர்கள் நன்றாகவே கெடுவார்கள்.

மூன்றாவது செவ்வாய் வந்தது. கெடு அந்தச் சனிக்கிழமை வரைதான். அன்று பக்கத்து வீட்டு அக்காவுக்கு நடவு, வர முடியாது என்று சொல்லிவிட்டார். நீ அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போ, நான் மட்டும் கோர்ட்டுக்குப் போகிறேன் என்றார் அப்பா. மனுதாரரே இல்லாவிட்டால் எப்படி என்று நான் கேட்டேன். பாருங்கள், எனக்கும் அந்த நோய் தொற்றிவிட்டிருந்தது. அம்மாதான் முடித்துவைத்தாள்.

"இன்னும் ஒரே நாளுதானே? ரெண்டு பேரும் போயி முடிச்சிக்கினு வாங்க. எனுக்கு வயி தெரியாதா?"

அன்று எங்கள் எண் வந்தது. மனு கொடுத்ததற்கு ஆதாரம் உண்டா என்று நீதிபதி கேட்டார். நேரில் கொடுக்கப்பட்டது என்றார் வக்கீலம்மா. மறுக்கிறோம் என்றார் அந்தப் பக்கத்து வக்கீல். அப்போது பின்னால் நின்றிருந்த அப்பா வாய் திறந்தார்.

"நான் குடுத்தேங்க ஐயா. கையால வாங்கினாரு. தட்டுல ஆப்பிளு வெச்சிக் குடுத்தாருங்க."

நாலைந்து கறுப்புக் கோட்டுகள் சிரித்தன. நீதிபதி சிரிக்கவில்லை. தமிழிலேயே, "பெரியவரே, நீங்க பேசக் கூடாது. உங்க வக்கீல் பேசுவாங்க," என்றார். குரலில் கடுமை இல்லை. பிறகு உத்தரவு சொன்னார். மனுதாரர் புதிதாக ஒரு மனு கொடுக்கலாம். கல்லூரி அதை நாலு வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும். வழக்கு முடித்துவைக்கப்படுகிறது.

வெளியே வந்ததும் அப்பா, "ஜெயிச்சிட்டமா?" என்று கேட்டார்.

"நாலு வாரம் குடுத்திருக்காங்க ஐயா. நமக்கு இருக்கிறது நாலு நாள்," என்றார் வக்கீலம்மா. உத்தரவு நகல் கைக்கு வரவே ஒரு வாரம் ஆகும், இந்த வருஷம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருஷம் மாற விதி இடம் கொடுக்காது என்றும் சொன்னார். கோர்ட்டுக்குப் போனால் ஜெயித்தவன் தோத்தான், தோத்தவன் செத்தான் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. நாங்கள் இரண்டில் எது என்றுகூட எனக்குப் புரியவில்லை. அப்பா குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால் வீடு பூட்டிக்கிடந்தது. அம்மா மதியம் மூன்று மணிக்கே வந்திருக்க வேண்டும். விளக்கு வைத்து வெகுநேரம் கழித்து வந்தாள். புடவையின் பின்பக்கம் முழுக்க மண். வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"படி ஏற முடியல," என்றாள், ஏதோ கடையில் உப்பு இல்லை என்று சொல்வது போல. "மூணு பஸ்ஸ வுட்டுட்டேன். நிக்கவும் முடியல, பஸ் ஸ்டாண்டுல கீயவே உக்காந்துக்கினேன். நாலாவது பஸ்ஸு கண்டக்டரு எறங்கி வந்து கையப் புடிச்சி ஏத்தினான். நல்ல புள்ள."

அப்பா உள்ளே போய் வெந்நீர் வைத்தார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. ஜட்ஜ் என்ன நினைப்பார், பிரின்சிபால் என்ன நினைப்பார் என்று எவனெவன் வாசலிலோ போய்க் கைகட்டி நின்ற நாங்கள் இரண்டு பேர், எங்கள் வீட்டு மனுஷியைப் பஸ் ஸ்டாண்டு தரையில் உட்கார வைத்திருக்கிறோம். அவள் அதற்குக் கோபப்படக்கூட இல்லை. படுக்கும்போது கேட்டாள்.

"வெள்ளிக்கெயம கோர்ட்டு இல்லியே? நீ கூட வரியா?"

வெள்ளிக்கிழமைகளில் அப்பாதான் கூடப் போவார்; அந்த வெள்ளிக்கிழமை நான் போனேன். நர்ஸ் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். அம்மாவின் ரத்தம் குழாய் வழியாக வெளியே போவதையும் உள்ளே வருவதையும் முதல் முறையாக அப்போதுதான் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாள். பதினோரு மணிக்குப் போன் வந்தது. வக்கீலம்மா.

"உத்தரவு நகல் கிடைச்சிடுச்சும்மா. நான் எதிர்பார்க்கவே இல்ல. நீ இப்பவே கிளம்பி வா. வாங்கிக்கிட்டு சாயங்காலம் ரயில் ஏறினா, நாளைக்குக் காலையில காலேஜ்ல நிக்கலாம். புது மனுவும் இந்த உத்தரவும் கையில குடுத்து, அங்கேயே உக்காந்து கடிதம் கேளு. கடைசி நாள்தான், ஆனா உத்தரவைப் பார்த்தா பயப்படுவாங்க. நூத்துல பத்து பங்கு வாய்ப்பு இருக்கு."

அம்மாவுக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் பாக்கி இருந்தது. அப்பாவுக்குப் போன் செய்தால் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்வார். நான் போயிருக்கலாம்.

"வர்லீங்க மேடம்," என்றேன்.

அம்மாவை விட்டுவிட்டுப் போக மனமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். பாதிதான் உண்மை. மீதிப் பாதி அலுப்பு. இன்னொரு ரயில், இன்னொரு வாசல், அந்த ஆள் எழுந்து நின்று 'வாங்க' என்று சொல்லப்போகிற முகம், இதையெல்லாம் நினைத்தபோதே உடம்பு கல்லாகிவிட்டது. பத்தொன்பது வயதில் ஒருத்தி அப்படிக் களைத்துப்போவாளா என்றால், போவாள். அந்தப் பத்துப் பங்கை நானே அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடி விட்டுவிட்டேன். அப்படி ஒரு போன் வந்ததை அப்பாவிடம் இன்று வரை சொல்லவில்லை. அவர் இன்னமும் பிரின்சிபாலைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார்.

மிஷினை நிறுத்தியதும் அம்மா கண் விழித்தாள்.

"யாரு போன்ல?"

"வக்கீலம்மா."

"கோர்ட்டு முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சு."

"அப்ப இங்கியே வந்துடுவியா?"

அவள் கேட்ட விதத்தில் என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. "வந்துடுவேம்மா" என்றேன்.

திங்கட்கிழமை நான் கல்லூரிக்குக் கிளம்பினேன். வகுப்பு தொடங்கி இரண்டு மாதம் ஓடிவிட்டிருந்தது, இன்னும் தாமதித்தால் வருகைக் குறைவு என்று பரீட்சை எழுத விடமாட்டார்கள். என் சின்னப் பையில் துணியை வைத்துக்கொண்டிருந்தபோது அம்மா பரண்மேல் இருந்த பெரிய பெட்டியை அப்பாவை இறக்கச் சொன்னாள். அவளே ஈரத்துணியால் அதைத் துடைத்தாள்.

"இத்த எடுத்துக்கினு போ. அங்க கீறதயெல்லாம் ஒரே வாட்டியா கொண்டாந்துடு. ரெண்டு வாட்டி அலையாத."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அவளிடம் என்ன சொல்லிவைத்திருக்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பெட்டியில் இரண்டு செட் துணியை மட்டும் போட்டு மூடினேன். பஸ் ஸ்டாப் வரை அவர்தான் தூக்கிவந்தார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மத்தியான இடைவேளையில் ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா போன் செய்தாள்.

"எல்லாத்தையும் பொட்டியில வெச்சிட்டியா?" என்று கேட்டாள்.

"வெச்சிக்கினு கீறேம்மா," என்றேன்.